முப்பது வயது இசக்கி

என் முதல் கட்சிக்காரரிடம் நான் சொன்ன முதல் வாக்கியம், "சத்தமாப் பேசுட்டி, காதுல விழல" என்பதுதான். கட்சிக்காரருக்கு வயது பன்னிரண்டு. பெயர் இசக்கியம்மாள். தூத்துக்குடியில், வழக்கு முடியும்வரை குழந்தைகளைத் தங்கவைக்கும் இல்லம் ஒன்றின் பார்வையாளர் அறையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் துணி துவைக்கிற முக்காலியில் முட்டி மடங்கக் குந்தியிருந்தேன். குழந்தையிடம் பேசும் வக்கீல் குழந்தையைவிடத் தாழ்வாக உட்கார வேண்டும் என்பது எங்கள் வகுப்பு விதி. விதி போட்டவருக்கு என் முட்டியைத் தெரியாது.

அவள் உதடு அசைந்தது. மறுபடியும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பொறுமை பிறவியிலேயே கொஞ்சம் கம்மி. பக்கத்தில் இருந்த தமீம் என்னை இடித்து, "அவ சத்தம் போட வேண்டாம் ஜெசி, நீ கிட்டப் போ" என்றான். போனேன்.

"வீட்டுக்குப் போணும்க்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரலே அவ்வளவுதான். அவளுடைய அம்மா பகலில்தான் தூங்குவாளாம். சத்தம் கேட்டால் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவாளாம். அதனால் வீட்டில் ரகசியம் சொல்கிற மாதிரியே பேசிப் பேசி, அதுவே பிள்ளைக்குக் குரலாகிவிட்டது.

நாங்கள் யாரென்று சொல்லிவிடுகிறேன். நான் ஜெசிந்தா, இறுதியாண்டு சட்ட மாணவி. தமீம் காயல்பட்டினத்துக்காரன், கம்ப்யூட்டர் படித்து, அது அலுத்துப்போய்ச் சட்டத்துக்கு வந்தவன். எங்கள் கல்லூரியில் 'சிறார் சட்டக் கிளினிக்' என்று ஒரு பலகை தொங்கும். காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு அம்மா ஊசி போடுவீர்களா என்று கேட்டதிலிருந்து, அதன் கீழே யாரோ சாக்பீஸில் 'மருந்து கிடையாது' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் வரும் பிள்ளைகளுக்காக நாங்கள் பேசுவோம். ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மாணவர்கள் பேசலாம் என்று புதிய சட்டம் சொல்கிறது. பக்கத்தில் உட்காருகிறவர் கோமதி மேடம்.

மேடம் எங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான். "பிள்ளைகிட்ட வாசலைத் தொறந்துவிட்ட மாதிரி கேள்வி கேக்கணும். 'சொல்லு, என்ன ஆச்சு'ன்னு விட்டுரணும். சாட்சிகிட்ட அப்படிக் கேக்கவே கூடாது. பதில் உங்களுக்கே தெரியாத கேள்வியை அங்க கேட்டீங்கன்னா வழக்கும் போச்சு, நீங்களும் போனீங்க. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிடாதீங்க."

இசக்கியின் வழக்கு இதுதான். அம்மா பேச்சித்தாய் உப்பளத்தில் வேலை பார்த்தவள். மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டால் நல்ல மாதிரி இருப்பாள். சாப்பிடாவிட்டால் ராத்திரியெல்லாம் நடப்பாள். வேறு ஆள் கிடையாது. பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வாசலில் குறுக்கே படுத்துக் காவல் காத்தது. ஒருநாள் அசந்து தூங்கிவிட்டது. துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்த அம்மாவைப் போலீஸ் கொண்டுவந்து சேர்த்தது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிவிட்டாள். பிள்ளை இல்லத்துக்கு வந்தது. பதினெட்டு வயதுவரை கோயம்புத்தூரில் ஒரு உறைவிடப் பள்ளிக்கு அனுப்பிவிடலாமா என்று குழு யோசித்துக்கொண்டிருந்தது.

என்னைக் கேட்டால் அனுப்பலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. கட்சிக்காரர் கேட்பதை நான் கேட்க வேண்டும், எனக்கு நல்லது என்று தோன்றுவதை அல்ல. ராத்திரி தூங்காத பிள்ளையின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைப் பார்த்துக்கொண்டே, "சரி, வீட்டுக்குப் போகணும்னே கேக்குதோம்" என்றேன்.

"பெருசு என்னக்கா சொல்லும்?" என்று கேட்டாள்.

பெருசு என்பது இல்லத்துப் பிள்ளைகள் வைத்த பெயர். அரசாங்கம் வைத்த பெயர் வளர்குரல். அதைப் பிள்ளைக்கு விளக்குவது வக்கீலின் கடமை. நான் தமீமைப் பார்த்தேன்.

"உன் பேச்சு, பள்ளிக்கூட மார்க்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு, அம்மாவோட மருத்துவ விவரம் எல்லாத்தையும் எடுத்துக்கிடுவாங்க" என்றான் தமீம். "உன்னை மாதிரி இல்லத்துல வளர்ந்து பெரியாளா ஆனவங்க ஆயிரக்கணக்கான பேர்கிட்ட ஏற்கெனவே பேட்டி எடுத்து வச்சிருக்காங்க. அதையும் இதையும் சேத்து, நீ முப்பது வயசுல எப்படிப் பேசுவியோ அப்படி ஒரு குரலைப் பேச வைப்பாங்க. அன்னைக்கு உன்னை அனுப்புனது நல்லதாப் போச்சா கெட்டதாப் போச்சான்னு குழு அதுகிட்ட கேக்கும்."

"அது ஜோசியமா?"

"இல்ல. ஒரு கணக்கு."

"நான் சொல்லுததைக் கேப்பாங்களா, அவ சொல்லுததைக் கேப்பாங்களா?"

"ரெண்டு பேரையும்" என்றேன். சட்டப்படி அதுதான் சரியான பதில். ஆனால் வளர்குரல் வந்த பிறகு, தன் பெருசை எதிர்த்து ஜெயித்த பிள்ளை எங்கள் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. குழந்தைக்கு எது நல்லது என்று குழந்தையே வளர்ந்து வந்து சொல்லும்போது, நடுவில் வக்கீலுக்கு என்ன வேலை? குழுவில் இருந்தவர்கள் நல்லவர்கள்தான். நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். இல்லத்தில் பிள்ளைகளுக்குள் சண்டை வந்தால், "உன் பெருசே உன்னை வேண்டாம்னுட்டு" என்பதுதான் அதிகபட்சத் திட்டு. தன் பெருசு குழுவுக்கு நன்றி சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த ஒரு பிள்ளை, அதற்குப் பிறகு வீடு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

இசக்கி கொஞ்சநேரம் யோசித்தாள். அவள் யோசிக்கும்போது நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'டக்' என்று ஒரு சத்தம் போடுவாள்.

"அவளுக்கு அம்மையைத் தெரியுமா?"

தமீம் என்னைப் பார்த்தான். "தெரியும்" என்று நான்தான் சொன்னேன். எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை.

விசாரணைக்கு முந்தைய நாள் கோமதி மேடம் அறையில் தமீம் திட்டத்தைச் சொன்னான். "பேட்டி கொடுத்தது யாருன்னு பாருங்க மேடம். இல்லத்துக்குப் போய், படிச்சு, வேலையில இருக்கிறவங்க. கூப்பிட்டதும் வந்து உக்காந்து பேச நேரம் இருக்கிறவங்க. வீட்டுல படுத்த ஆளை வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கிறவளுக்குப் பேட்டி கொடுக்க நேரம் ஏது? வாசலைத் தாண்டியே வந்திருக்க மாட்டா. அதனால பெருசுக எல்லாமே நன்றிதான் சொல்லும். இதை மட்டும் ஒவ்வொரு கேள்வியா கேட்டு வாங்குனாப் போதும்."

"எல்லாம் ஆமாம், இல்லைங்கிற கேள்வி" என்றார் மேடம் என்னைப் பார்த்து. "ஒரு வார்த்தை கூடுதலாப் பேசாத."

"பிள்ளையும் உள்ள இருக்கணும் மேடம்" என்றேன்.

மேடம் முகம் சுளித்தார். பெருசு பேசும்போது பிள்ளைகளை வெளியே உட்காரவைப்பதுதான் இப்போது வழக்கம். ஆனால் எங்கள் கிளினிக்குக்கு ஒரு வீம்பு உண்டு. கட்சிக்காரர் இல்லாத இடத்தில் எங்களுக்கு வாய் கிடையாது என்று முதல் வகுப்பிலேயே பெருமையாகச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். "சரி, இருக்கட்டும்" என்றார்.

குழு உட்காரும் அறையில் மேசையின் மேல் ஒரு ஒலிபெருக்கி மட்டும் இருந்தது. பிள்ளைகளை உள்ளே விட்ட காலத்தில் உருவமும் காட்டினார்கள்; அவர்கள் பயந்ததால் அதை எடுத்துவிட்டார்கள். இசக்கி எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவர் ஓரமாகப் பேச்சித்தாய் உட்கார்ந்திருந்தாள். மாத்திரையின் மந்தத்தில் கண் பாதி மூடியிருந்தது. தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த சேலையைத் தேய்த்துக் கட்டி வந்திருந்தாள். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம்மா இசக்கி. கோயம்புத்தூருக்கு அனுப்பினது உங்களுக்கு நல்லதா அமைஞ்சுதா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லதா அமைஞ்சுது சார்" என்றது ஒலிபெருக்கி. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. நல்ல உரத்த, தெளிந்த குரல். "நர்சிங் முடிச்சேன். வேலையில இருக்கேன். வண்டி ஓட்டுவேன். அன்னைக்கு நீங்க அனுப்பலேன்னா நான் என்ன ஆயிருப்பேனோ."

என் பக்கத்தில் இசக்கி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு சத்தமாகத் தன்னால் பேச முடியும் என்பதை அவள் முதல்முறையாகக் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. ஒரு கணம் அவள் முகத்தில் ஆசை வந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

நான் எழுந்தேன். "உங்களை உருவாக்கப் பேட்டி கொடுத்தவங்க முக்காவாசிப் பேரும் இல்லங்கள்ல வளந்தவங்கதானே?"

"ஆமாம் மேடம்."

"வீட்டுக்கே திரும்பிப் போன பிள்ளைகள்ல ரொம்பக் கொஞ்சம் பேர்தானே பேட்டி கொடுத்திருக்காங்க?"

"ஆமாம்."

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. தமீம் மேசைக்கடியில் கட்டை விரலை உயர்த்தினான். அடுத்த கேள்வியைக் கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டேன். அதுவரை பட்டென்று பேசிய குரல் புரியாமல் நின்றது. அப்போதுதான் ஒலிபெருக்கியிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. 'டக்'. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கும் சத்தம்.

அது சாட்சி என்பது எனக்கு மறந்தே போனது. எதிரில் இருப்பது இசக்கி, நான் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான் மனதில் இருந்தது. தினமும் அவளிடம் எப்படிக் கேட்பேனோ அப்படியே, "சரி, அம்மாவைப் பத்திச் சொல்லு" என்றேன்.

கோமதி மேடம் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். அதற்குள் பதில் வந்துவிட்டது.

"அம்மா அந்த வருசமே போயிட்டா. நான் ஹாஸ்டல்ல இருந்தேன். மழைக் காலம். மாத்திரை போடாம உப்பளத்துப் பக்கமா நடந்து போயிருக்கா. தண்ணி கெட்டி நின்ன பாத்தியில கெடந்தா. பரீட்சைன்னு எங்கிட்ட உடனே சொல்லல. அப்புறம் சொன்னாங்க. ரொம்ப அழுதேன்." குரல் அதே தெளிவோடு தொடர்ந்தது. "அன்னைக்குத்தான் மொத தடவையா ராத்திரி முழுக்கத் தூங்குனேன்."

யாரோ அவசரமாக ஒலிபெருக்கியை அணைத்தார்கள். நான் இசக்கியைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது ஒரு கணிப்பு மட்டும்தான்" என்று யாரிடமோ சொன்னார். அதுவரை அவர் அந்தக் கணிப்பை வைத்துத்தான் பிள்ளைகளை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தார்.

அப்போது பேச்சித்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நாக்கு குழறியது. ஆனால் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது.

"பிள்ளை தூங்கட்டும் சார். அங்கேயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணுமில்ல."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீங்கள் சொல்லுங்கள். குனிந்து, இசக்கியின் வாயருகே காதைக் கொண்டுபோனேன். அவள் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்தேன்.

"என் கட்சிக்காரர் வீட்டுக்குப் போகணும்னுதான் சொல்லுதாங்க" என்றேன்.

ஜெயித்துவிட்டோம். ஒரு சாவு பதிவாகிவிட்ட பிறகு, அதற்குக் காரணமாகப் போகும் உத்தரவில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? பிள்ளை அம்மாவுடன் இருக்கலாம். சுகாதாரப் பணியாளர் தினமும் காலையில் வந்து மாத்திரை கொடுக்க வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். அந்தக் கடைசி இரண்டு நிபந்தனைகளும் நான் கெஞ்சிச் சேர்த்தவை. மாவட்டத்திலேயே முதல்முறையாகப் பெருசை எதிர்த்து ஒரு பிள்ளை ஜெயித்திருக்கிறது என்று வராந்தாவில் மற்ற மாணவர்கள் கைகுலுக்கினார்கள். தெரியாத பதிலுக்குக் கேள்வி கேட்டதற்காக மேடம் என்னைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. "பிள்ளையை வெளியே உக்கார வச்சிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கைப்பையில் எதையோ தேடிக்கொண்டே போய்விட்டார்.

இசக்கி என் துப்பட்டா நுனியைப் பிடித்தாள். நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"நான் பள்ளிக்கூடம் போற நேரத்துல அம்மை நடந்து போயிட்டான்னா?"

"போக மாட்டாங்க. அதெல்லாம் மெஷின் கணக்கு இசக்கி. நெசம் இல்ல. ஆஸ்பத்திரிச் சீட்டையும் யார் யாரோ சொன்னதையும் கலந்து அது பாட்டுக்கு ஒண்ணைச் சொல்லுது. தமீம் அண்ணனைக் கேளு."

"நெசம் இல்லட்டி" என்றான் தமீம்.

அவள் 'டக்' என்று நாக்கைத் தட்டினாள். "நெசம் இல்லன்னா, என்னை எதுக்குக்கா வீட்டுக்கு விட்டாங்க?"

பேச்சித்தாய் வந்து மகளின் கையைப் பிடித்தாள். அல்லது மகள் அம்மாவின் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் வாசலில் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது, அம்மா சாலைப் பக்கம் நின்றுவிடாதபடி இசக்கி இடம் மாறி மாறி நின்றுகொண்டிருந்தாள்.

உத்தரவு வந்த பிறகு ஒரு சடங்கு உண்டு. அந்த உத்தரவையும் சேர்த்துப் பெருசை ஒருமுறை புதுப்பிப்பார்கள். குழந்தையின் தரப்பில் ஒருவர் கேட்டுச் சரி என்று சொன்னதும் நிரந்தரமாக மூடிவிடுவார்கள். யாரும் கேட்பதில்லை. வழக்கு முடிந்தபின் எவனுக்கு நேரம்? கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். தமீமும் அதைத்தான் சொன்னான். "வேண்டாம் ஜெசி. ஜெயிச்சாச்சுல்லா. இனி அது சொல்லி என்ன ஆகப் போவுது?"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை, வகுப்பில் உட்கார முடியவில்லை. சுகாதாரப் பணியாளருக்குப் போன் போட்டுப் போட்டு, அந்த அம்மா என் எண்ணைப் பார்த்தாலே எடுப்பதை நிறுத்திவிட்டார். நிபந்தனைகளை நான்தானே சேர்த்தேன்? மாத்திரை வரும், பள்ளிக்கூடம் உண்டு. அப்படியென்றால் இந்த இசக்கி காலேஜுக்குக்கூடப் போயிருக்கலாம். அதை என் காதால் கேட்டுவிட்டால் தூங்கலாம் என்று இருந்தது.

கண்ணாடிக் கதவு போட்ட சிறிய அறை. உள்ளே ஒரு நாற்காலியும், மைக் வைத்த ஹெட்போனும் இருந்தன. கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே கிளார்க் வாய் அசைத்துப் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. நான் போடுகிற சத்தம் வெளியே யாருக்கும் கேட்காது என்பதால், வழக்கம்போல உரக்கவே ஆரம்பித்தேன்.

"இசக்கி, நான் ஜெசிந்தா. உன் வக்கீல். இப்ப எப்படி இருக்க? எங்க இருக்க, என்ன செய்யுத, சொல்லு."

பதில் வரவில்லை. இணைப்பு விட்டுப்போய்விட்டது என்று நினைத்து இன்னும் சத்தமாக, "இசக்கி, கேக்குதா?" என்றேன்.

காதுக்குள் மூச்சுச் சத்தம் கேட்டது. ஒலியைக் கூட்டினேன். முழுவதும் கூட்டிய பிறகுதான் வார்த்தைகள் புரிந்தன. முப்பது வயதுக் குரல்தான், கொஞ்சம் கரகரத்திருந்தது. நான் அவளைவிடச் சின்னவள் என்பது அவளுக்குத் தெரியாது.

"மெதுவாப் பேசுங்கக்கா. அம்மை தூங்குதா."

நான் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். ஏன் என்று தெரியாது, கால் தானாக மடங்கியது. குரலை இறக்கிக்கொண்டு, அவளிடம் ஒருநாளும் நான் கேட்டிராத கேள்வியைக் கேட்டேன்.

"நீ எப்ப தூங்குவட்டி?"

'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.